ஆறு மணித் தட்டில் பதிந்தவள்

இதை எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம், மனு கொடுக்கப் போவது என்று முடிவு செய்த அன்றைக்கே சந்தனமாரியைப் பிடித்துக்கொண்டது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். விசிடி என்பதை டிவிடி என்று சொல்லிவிட்டால், முந்நூற்று ஐம்பத்திரண்டை எழுநூற்று இருபது என்று மாற்றிவிட்டால், முதலில் நடந்ததைப் பின்னால் சொல்லிவிட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள், சிரித்தபின் யாரும் மனுவில் முத்திரை வைக்கமாட்டார்கள், முத்திரை விழாத மனுவோடு திரும்பி வந்தால் அம்மா அவள் பேருக்கு எழுதி வைத்த இரண்டு அறையும் கிணறும் புளியமரமும் இன்னொருத்தன் கைக்குப் போய்விடும். அதனால் மூன்று நாள் அடுப்படியிலும் கிணற்றடியிலும் நின்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கொடையிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் போகக் கூடாது, அழக் கூடாது என்று வைத்துக்கொண்டாள்.

செம்மணல்விளையில் அந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழாவான கொடை மூன்று நாள். ஸ்டுடியோ அருமைநாயகம் அதுவரை கேசட்டில்தான் எடுப்பார். கேசட் எல்லாம் உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்து, சாமியாடியும் கரகாட்டமும் வெளுத்து மங்கி ஓடத் தொடங்கியதால், அந்த முறை டிவிடித் தட்டில் பதிகிற மிஷின் வாங்கி வந்திருந்தார். கொடை முடிந்த மறுநாள் மத்தியானம் கோயில் கொட்டகையில் கமிட்டி கூடியது. அருமைநாயகம் ஒரு தட்டை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே விளக்கினார்.

"இந்தத் தட்டுல ஒரு மணி நேரம் மட்டும் பதிஞ்சா, குறுக்க எழுநூத்தி இருவது புள்ளி, நெடுக்க ஐநூத்தி எழுபத்தாறு. மூக்குத்தியில எத்தனை கல்லுன்னு எண்ணலாம். ரெண்டு மணி நேரம் பதிஞ்சா கல்லு தெரியும், எண்ண முடியாது. நாலு மணி நேரம்னா மூக்குத்தி தெரியும். ஆறு மணி நேரத்தத் திணிச்சா முந்நூத்தி அம்பத்திரெண்டுக்கு எரநூத்தி எம்பத்தெட்டு, பழைய விசிடி கணக்கு. மூக்கு இருக்குன்னு நம்பிக்கிட வேண்டியதுதான்."

"மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்திருக்கீரு?" என்றார் தலைவர்.

"ஏழு மணி நேரம். ஒரு மணி நேரத்த வெட்டினா ஆறுல அடக்கிரலாம்."

வெட்டுவதுதான் நடக்கவில்லை. வில்லுப்பாட்டை வெட்டினால் அம்மன் கோபிப்பாள், பந்தியை வெட்டினால் சம்பந்தி கோபிப்பான், வாணவேடிக்கையை வெட்டினால் அதற்குப் பணம் கொடுத்தவன் அடுத்த வருஷம் கொடுக்கமாட்டான். கடைசியில் ஊர் வழக்கம்போலவே தீர்ப்பானது. கோயிலுக்கு வரி கொடுக்கிற ஆண்கள் வரிக்காரர்கள். மைக்கில் பேர் வாசிக்க வாசிக்க அவர்கள் குடும்பத்தோடு அம்மன் முன்னால் வந்து நின்ற காட்சி ஒரு மணி நேரம், அது முதல் தட்டில் முழுத் தரத்தில். மிச்சம் நடந்ததெல்லாமும், மிச்சம் உள்ளவர்கள் எல்லோரும், இரண்டாம் தட்டில், ஆறு மணித் தரத்தில்.

கட்டிக் கொடுத்த ஊரில் புருஷன் இறந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண் எந்த ஊர் வரியிலும் சேர மாட்டாள். அவளை அவள் உடன்பிறந்தவன் தன் குடும்பத்தோடு சேர்த்து எழுதினால் உண்டு. சந்தனமாரியின் தம்பி லிங்கதுரை எழுதியிருப்பதாகத்தான் சொன்னான். "யக்கா, உம் பேரத்தான் முதல்ல எழுதியிருக்கேன், பெறகுதான் எம் பொண்டாட்டி பேரு" என்றான். அம்மா உப்பளத்து வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆளில்லாமல்தான் சந்தனமாரி பள்ளிக்கூடத்தை விட்டாள். அதனால் அவன் சொன்னதைச் சந்தேகப்பட அவளுக்குப் பழக்கமில்லை. மைக்கில் பேர் வாசிக்கும் நேரம் வந்ததும், "யக்கா, நீ பொங்கப்பானைய பாத்துக்க, தீ அணைஞ்சிராம. நம்ம பேரு வந்ததும் நான் ஓடி வந்து கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் பானையைப் பார்த்தாள். பானை பொங்கியது. குலவை போட்டாள். மைக்கில் பேர்கள் முடிந்து பாட்டுப் போட்டுவிட்டார்கள். கூட்டத்தில் மறந்திருப்பான் என்று பொங்கலை இறக்கி வைத்தாள்.

தட்டுகள் வீடு வீடாக வந்து சேர்ந்து, எல்லோரும் போட்டுப் பார்த்துப் படுத்து எழுந்த காலையில், இரண்டாம் தட்டில் மட்டும் இருந்தவர்கள் கட்டம் கட்டமாக இருந்தார்கள். பூசாரியின் மீசை இரண்டு கறுப்புக் கட்டமாக இருந்தது. பால்காரரின் முகம் மாநிறத்தில் நாலு, வெளிர்நிறத்தில் மூன்று. பந்தி ஓரத்தில் நின்ற வெள்ளாடும், அதன் வாயில் இருந்த வாழையிலையும்கூட அப்படியே. சந்தனமாரி முகம் கழுவக் கிணற்றடிக்குப் போய், வாளித் தண்ணீரில் தன்னைப் பார்த்து, தண்ணீர்தான் கலங்கியிருக்கிறது என்று மூன்று வாளி மாற்றினாள்.

யாரும் கூச்சல் போடவில்லை. போடுவதற்கு நேரமில்லை, பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது. முதல் வாரம் தாய்மார் பிள்ளைகளைச் செருப்பை வைத்து அடையாளம் கண்டார்கள், இரண்டாம் வாரம் இருமலை வைத்து, மூன்றாம் வாரத்தில் அதெல்லாம் தேவையில்லாமல் போனது. ரேஷன் கடையில் கார்டை நீட்டினால் "ஒரு வார்த்தை பேசுங்க" என்றார்கள். பேசினால் சீனி போட்டார்கள். சவரக் கடைக்காரர் கறுப்பாக இருக்கிற கட்டத்தை வழித்தால் போதும் என்று கற்றுக்கொண்டார். கொசு மட்டும் எங்கே கடிப்பதென்று தெரியாமல் கொஞ்ச நாள் திணறியது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் "எத்தனை மணித் தரம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கடைசியாக எந்தத் தரத்தில் பதிந்தார்களோ அந்தத் தரத்தில்தான் மனிதர்கள் இருப்பார்கள் என்று தெரிந்ததும், வசதியுள்ளவர்கள் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு மணித் தரத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே மாதத்தில் திரும்பிப் போனார்கள். அவ்வளவு தெளிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து வருஷமாகத் தங்கம் என்று போட்டிருந்தது கவரிங் என்று தெரிந்தது, சாயம் போட்ட தலைமுடியில் வேர் வெளுத்திருப்பது தெரிந்தது, துக்க வீட்டில் அழுதவர்களின் கண்ணில் தண்ணீர் இல்லாதது தெரிந்தது. "எனக்கு ரெண்டு மணித் தரம் போதும் அண்ணாச்சி, குடும்பம் நடத்தணும்லா" என்று கெஞ்சினார்கள். அருமைநாயகத்துக்குச் சாப்பிட நேரமில்லை.

சந்தனமாரியும் தம்பியிடம் கேட்டாள். "என்னையும் ஒரு நடை கூட்டிட்டுப் போய் எடுத்திரேன்டா. பஸ்ஸுல கூட எனக்கு எடம் விட மாட்டக்காங்க, சாக்குமூட்டைன்னு நினைக்காங்க."

"உன்ன என்ன பொண்ணு பாக்கவா வாராங்க? நாலு நாள் போவட்டும் யக்கா" என்றான் லிங்கதுரை. அவன் பெண்டாட்டி வள்ளிமயில், முதல் தட்டில் நின்றவள், நெற்றிச் சாந்தின் விளிம்புகூடத் தெளிவாகத் தெரிகிறவள், பக்கத்தில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பல் எத்தனை என்று எண்ணலாம். நாலு நாள் நாலு மாதமானது.

பங்குனியில் ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் சந்தனமாரியைக் கடிந்துகொண்டார். "ஏன் மதினி, கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டியளோ? புதன்கிழமை தம்பி கூட பதிவு ஆபீஸ் ஸ்டாப்புல இறங்கினீயளே, சில்லறைய வாங்காமலே போறீயளேன்னு கத்துதேன், பச்சைச் சேலை விடுவிடுன்னு போவுது."

"நான் எங்கயும் போவலியே" என்றாள் சந்தனமாரி.

"பச்சைச் சேலை, கட்டமா முகம். எனக்குத் தெரியாதா?"

அன்றைக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தாள். பச்சைச் சேலை இருந்தது. ஆனால் அவள் மடித்தது போல மடித்திருக்கவில்லை. முந்தி உள்ளே போயிருந்தது. மடிப்பில் வள்ளிமயிலின் முகப் பவுடர் வாசம் அடித்தது. அடியில் இருந்த அம்மா எழுதிக் கொடுத்த பத்திரம் இல்லை.

ஸ்டுடியோவுக்கு நடந்தே போனாள். அருமைநாயகம் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். எழுந்து நிற்கிறவர் அல்ல அவர். கேட்காமலே சொன்னார். "செவ்வாக்கிழமை உங்க தம்பி அவரு பெண்டாட்டிய கூட்டிட்டு வந்தாரு தங்கச்சி. ஆறு மணித் தரத்துல எடுக்கச் சொன்னாரு. எல்லாரும் மேல ஏறத்தான் வருவாங்க, இவங்க கீழ இறங்குதாங்களேன்னு நினைச்சேன். வியாழக்கிழமை வந்து திரும்பவும் ஒரு மணித் தரத்துக்கு மாத்திட்டுப் போயிட்டாங்க. எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

செவ்வாய்க்கிழமைத் தட்டைப் போட்டுக் காட்டினார். பச்சைச் சேலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாநிறத்தில் ஐந்து கட்டம், கறுப்பில் இரண்டு. சந்தனமாரியே அதைத் தான் என்று நினைத்தாள். நினைத்த அடுத்த நொடி கண்டக்டர் சொன்ன பதிவு ஆபீஸ் ஞாபகம் வந்தது. கட்டத்தில் இருக்கிறவர்கள் வந்தால் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும் என்று பதிவு ஆபீசில் வழக்கமாகிவிட்டதும், பெருவிரலை மையில் ஒற்றி வைத்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நாலு கட்டமாக ரேகை விழுவதும் ஊர் அறிந்ததுதான். புதன்கிழமை ஒரு சந்தனமாரி போய், தன் வீட்டை வள்ளிமயில் பேருக்கு மனமாரக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இவள்தான் சந்தனமாரி என்று முதல் சாட்சிக் கையெழுத்து உடன்பிறந்த தம்பி போட்டது.

தம்பி வீட்டுக்கு வந்து கேட்டாள். கத்திக் கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள், வாசலுக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. "என்னடா பண்ணிட்ட?"

"நான் என்ன பண்ணினேன்? நீதான வந்து எழுதிக் கொடுத்த" என்றான் லிங்கதுரை.

"நான் வரல."

"வந்தீங்க மதினி" என்றாள் வள்ளிமயில், பதமாக, நோயாளியிடம் பேசுவது போல. "எனக்கு யாரு இருக்கா, நீங்களே வச்சுக்கிடுங்கன்னு சொன்னீங்க. கட்டத்துல இருக்கவங்களுக்கு ஞாபகமும் கட்டம் கட்டமாத்தான் நிக்குமாம், எடையில எடையில விட்டுப் போயிருமாம். டாக்டரே சொல்லுதாவ."

சந்தனமாரி ஒரு நிமிஷம் அதை நம்பினாள். போயிருப்போமோ, புதன்கிழமை என்ன குழம்பு வைத்தோம், நினைவுக்கு வரவில்லையே, போய்த்தான் இருப்போமோ என்று அவள் மனசு தடவித் தடவிப் பார்த்தது. பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு மணித் தரத்தில் பதிந்த முகம். இமையில் எத்தனை முடி என்று எண்ணலாம். மேலுதட்டு வியர்வை ஒவ்வொரு துளியாகத் தெரிந்தது. குழந்தையில் அம்மியில் விழுந்து தாடையில் பட்ட தழும்பு, அவள் மஞ்சள் வைத்து ஆற்றியது, நூல் போலத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு தெரிந்த அந்த முகத்தில் வெட்கம் என்று ஒரு புள்ளிகூட இல்லை. அப்போதுதான் பொங்கப்பானை ஞாபகம் வந்தது. அவன் அன்றைக்கு மறக்கவில்லை, அவள் பேரை எழுதவே இல்லை. அவளை ஆறு மணித் தட்டுக்கு அனுப்பியதே அவன்தான்.

"வார வெள்ளிக்கிழமை வீட்ட வாங்க ஆளு வாராங்க யக்கா, சர்வேயரக் கூட்டிட்டு. அளந்து பாத்துட்டு முடிச்சிருவாங்க. உனக்கு எம் வீட்டு முன்பக்கத்துல கட்டில் போட்டுத் தாரேன்" என்றான்.

ஊரில் போய்ச் சொன்னாள். ஊர் உச்சுக் கொட்டியது. ஆனால் சாட்சிக்கு வா என்றதும் ஒவ்வொருவரும் தன் கட்டத்துக்குள் ஒளிந்துகொண்டார். "நீங்க போனீயளோ அவ போனாளோ, நாங்க என்னத்தக் கண்டோம்? எங்களுக்கு ரெண்டு பேரும் பச்சைச் சேலைதான்" என்றார் பூசாரி. இரண்டாவது சாட்சிக் கையெழுத்து அவருடையது.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் வரிசையில் நின்று, மூன்று நாள் சொல்லிப் பார்த்தபடியே சந்தனமாரி சொன்னாள். ஒரு எண்ணும் பிசகவில்லை. விசிடியை விசிடி என்றாள், டிவிடியை டிவிடி என்றாள், முன்னது முன்னாலும் பின்னது பின்னாலும் வந்தது, அழவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள், சிரிக்கவில்லை. முத்திரையும் வைத்தாள்.

"எல்லாம் சரிம்மா. நீங்கதான் சந்தனமாரின்னு யாரு சொல்லுவா?"

"நாந்தான் சொல்லுதேனே."

"தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சொல்லணும். தம்பி வருவாரா?" கேட்டபிறகுதான் கேட்ட கேள்வி அந்த அம்மாளுக்கே உறைத்தது.

"நான் ஒரு மணித் தரத்துல எடுத்துட்டு வாரேன்மா. தெளிவா வாரேன். அப்ப பாத்துக்கிடுங்க."

"எடுத்துட்டு வந்திராதீங்க. பத்திரத்துல ஒட்டியிருக்க சந்தனமாரி கட்டமா இருக்கா. நீங்க தெளிவா வந்து நின்னா வேற ஆளுன்னு மனுவத் தள்ளிருவாங்க. இப்படியே இருங்க. மூணு மாசம் கழிச்சு விசாரணைக்குக் கூப்பிடுவாங்க."

தெளிவாக இருந்தால் அவள் வேறொருத்தி, கட்டமாக இருந்தால் யாரோ ஒருத்தி. மூன்று மாதம் இருக்கிறது விசாரணைக்கு. நான்கு நாள் இருக்கிறது வெள்ளிக்கிழமைக்கு. பஸ்ஸில் அவள் மடியில் யாரோ ஒரு பையை வைத்தார்கள், ஆள் இருப்பது தெரியாமல். அவள் எடுத்துக் கீழே வைக்கவில்லை. ஊர் வரும்வரை அந்தப் பையைப் பிடித்துக்கொண்டே யோசித்தாள்.

வியாழக்கிழமை லிங்கதுரையும் வள்ளிமயிலும் சடங்கு வீட்டுக்கு, ராத்திரி தங்கி வரப் போனார்கள். அவர்கள் பஸ் ஏறியதும் சந்தனமாரி சேலைக் கிழிசலால் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். கதவிலிருந்து அடுப்புக்கு ஏழு காலடி. அடுப்பிலிருந்து பின்வாசலுக்கு நான்கு. பின்வாசலிலிருந்து கிணற்றுக்குப் பதினாறு, ஒன்பதாவது காலடியில் மரத்து வேர், காலைத் தூக்கிப் போட வேண்டும். மேல் தாழ்ப்பாள் தோள் உயரம், கீழ்த் தாழ்ப்பாள் முழங்கால் உயரம். சுவரைக் கையால் தடவித் தடவி, எங்கே காரை பெயர்ந்திருக்கிறது, எங்கே ஆணி, எங்கே அம்மா சாய்ந்து சாய்ந்து வழுவழுப்பான இடம் என்று உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டாள். கையில் ஏறிவிட்டது என்று நிச்சயமானதும் அருமைநாயகத்துக்கு ஆள் அனுப்பினாள். அவர் கேமராவோடு வந்தார்.

"வீட்ட எடுக்கணும் அண்ணாச்சி. சுவரு, கூரை, வாசல், கிணறு, மரம், எதையும் விடாம. வேலியிலயிருந்து வேலி வரைக்கும்."

"எந்தத் தரத்துல?"

"ஆறு மணி. அதுக்கும் கீழ இருந்தா அது."

அருமைநாயகம் கேமராவை இறக்கினார். "தெரிஞ்சுதான் சொல்லுதியளா தங்கச்சி? சுவரு எங்க முடியுது, வாசல் எங்க தொடங்குதுன்னு ஒரு பயலுக்கும் தெரியாதே. உங்களுக்கே தெரியாதே."

"எனக்குத் தெரியும். நீங்க எடுங்க."

"எந்தத் தட்டுல எடுக்க? திரும்பத் திரும்ப எழுதுற தட்டு ஒண்ணு இருக்கு. ஊருல எல்லாரும் அதத்தான் கேப்பாங்க, மனசு மாறினா அழிச்சு எழுதிக்கிடலாம்னு. இன்னொண்ணு ஒரு தடவைதான் எழுதும். எழுதி மூடிட்டா மூடினதுதான். பெறகு எவன் எந்தக் கேமராவ வச்சு எடுத்தாலும் ஒட்டாது."

"மூடுற தட்டு" என்றாள் சந்தனமாரி. அம்மா சுண்ணாம்பு அடித்த சுவரைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள், புளியங்கொழுந்து தனித்தனி இலையாக இருப்பதைப் பார்த்தாள், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவர் வேலியிலிருந்து வேலி வரை எடுத்தார். பதிந்து, மூடி, தட்டை அவள் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு மணித் தரத்து ஆள் என்பதால் அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை லிங்கதுரையும் வள்ளிமயிலும் வாங்குகிறவரையும் சர்வேயரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வேலிக்குள்ளே வெள்ளையில் பத்துப் பன்னிரண்டு கட்டமும், செங்காவியில் ஆறும், பச்சையில் நிறையவும், நடுவில் எது என்னவென்று சொல்ல முடியாத சில கட்டங்களும் நின்றன. சர்வேயர் சங்கிலியைப் பிடித்து மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் மூன்று கணக்கு வந்தது. வாங்க வந்தவர் வாசல் என்று நினைத்து ஓர் இருண்ட கட்டத்துக்குள் காலை வைத்தார், அது கிணற்றுச் சுவர்; வேட்டியை உதறிக்கொண்டு, "வாசல் இல்லாத வீட்ட எவன் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். சர்வேயரும் போனார். வள்ளிமயில் வேலியோரம் நின்று திட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டை வறண்டு திரும்பிப் போனாள்.

லிங்கதுரை மட்டும் நின்றான். அவன் கையை முன்னால் நீட்டிக்கொண்டு சுவரோரமாக நடப்பது உள்ளே இருந்த சந்தனமாரிக்குக் கேட்டது; நகம் சுண்ணாம்பில் உரசியது, ஓர் இடத்தில் தடுக்கி விழுந்தான், எழுந்தான். பிறகு கதவுக்கு நேர் வெளியே, கதவென்று தெரியாமலே நின்று கூப்பிட்டான்.

"யக்கா. எனக்கு ஒண்ணும் தெரியல யக்கா. வாசல் எங்க இருக்கு? கைய நீட்டு, புடிச்சுக்கிடுதேன்."

இருட்டில் பயந்து எழுந்து இடுப்புக்குக் கை தூக்குகிற வயசில் கூப்பிட்ட அதே குரல். அவளையறியாமல் அவள் கை எழுந்தது. எழுந்த கை தோள் உயரத்தில் மேல் தாழ்ப்பாளைத் தொட்டது. அது ஏற்கனவே போட்டிருந்தது. அவள் அங்கேயே குனிந்து, முழங்கால் உயரத்தில் தடவி, கீழ்த் தாழ்ப்பாளையும் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டாள்.